எடை போட்டு வாங்கிய ராட்செட்டுக்கு ஆயுள் வாரண்டி கேட்கலாமா?

சேலம் அம்மாபேட்டையில் டூவீலர் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். செவ்வாய்ப்பேட்டை பழைய இரும்புக் கடையில் ஒரு சாக்கு சாமான் எடை போட்டு வாங்கினாராம், அதில் ஒரு அரை இஞ்ச் ராட்செட் (நட்டின் மேல் கவிழும் சாக்கெட்டை மாட்டி, ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திருகும் கைப்பிடி) பிடிக்காமல் இரண்டு பக்கமும் சும்மா சுற்றுகிறது. ஆயுள் வாரண்டி தருகிற கம்பெனியின் முத்திரை பிடியில் இருக்கிறது. புதுசாக வாங்கியதாகச் சொல்லி மாற்றிக்கொள், பில் நான் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் முன்வந்திருக்கிறார். செய்யலாமா, தப்பா?

அந்த பில்லை வாங்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

வாரண்டி என்பது கம்பெனி ஒருவருக்குக் கொடுத்த வாக்கு. யாருக்குக் கொடுத்தது என்பதுதான் கேள்வியே தவிர, சாமான் புதுசா பழசா என்பதல்ல. அமெரிக்காவில் சியர்ஸ் கடைகள் விற்ற கிராஃப்ட்ஸ்மேன் கைக்கருவிகளுக்கு பில்லே கேட்க மாட்டார்கள், உடைந்த ஸ்பேனரைக் கொண்டுபோய் வைத்தால் வேறு கொடுப்பார்கள் என்று பெயர். அது கருவிக்கே கொடுத்த வாக்கு, யார் கையில் இருந்தாலும் கேட்கலாம், பாவமில்லை. ஆனால் பல கம்பெனிகள் 'முதலில் வாங்கியவருக்கு மட்டும்' என்றுதான் போடுகின்றன. அங்கே நீங்கள் மூன்றாம் ஆள்.

நான் டூல்ஸ் கடை கவுண்டரில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "பழசாக வாங்கினேன், பில் இல்லை, மாற்றித் தருவீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். அதைக் கேட்ட பிறகும் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் மேல் தப்பே இல்லை. இல்லை என்றால் திரும்பி வாருங்கள். அந்த ஒரு வரியைச் சொல்ல வாய் கூசினால் கையில் இருப்பது வாரண்டி கேஸ் இல்லை.

பில் போட்டுத் தருகிற அந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். இவர்கள் சங்ககிரி பக்கம் லாரி பட்டறைகளில் உடைந்த சாக்கெட், வாய் விரிந்த ஸ்பேனர் எல்லாம் கிலோ கணக்கில் வாரிக்கொண்டு வருவார்கள். தங்கள் பெயரில் போக மாட்டார்கள், உங்களைப் போல நாலு பேரை கவுண்டருக்கு அனுப்புவார்கள். வருகிற புது பீஸில் பாதி அவர்களுக்கு, அது பில் இல்லாமல் வேறு கடைக்குப் போய்விடும். பொய் பில் கொடுத்துப் பொருள் வாங்குவது மோசடி, கிரிமினல் விவகாரம், மாட்டினால் கவுண்டரில் நின்ற உங்கள் முகம்தான் கேமராவில் இருக்கும். இந்தக் கூட்டத்தால் வந்த வினை, முறையாகக் காசு கொடுத்து வாங்கி மூன்றாம் மாதம் சாக்கெட் பிளந்துபோன மெக்கானிக்கைக்கூட கவுண்டரில் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்து, பில் கொண்டா, போட்டோ கொண்டா, அடுத்த வாரம் வா என்று மூன்று நடை நடக்க விடுகிறார்கள்.

கம்பெனிகளும் யோக்கியமில்லை. 'ஆயுள்' என்று அட்டை முழுக்கப் போடுவார்கள், யாருடைய ஆயுள் என்பது பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருக்கும். வாங்கினவன் ஆயுளா, கருவியின் ஆயுளா, அந்த மாடல் விற்பனையில் இருக்கும் வரைக்குமா? அமெரிக்காவில் விளம்பரத்தில் அந்த வார்த்தையைப் போட்டால் எந்த ஆயுள் என்று சொல்ல வேண்டும் என விதி இருக்கிறது. நம் கடைகளில் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறவரே கிடையாது.

ஒன்று மட்டும் விதிவிலக்கு, இதில் நிறையப் பேர் வீணாகத் தயங்குகிறார்கள். அப்பாவின் டூல் பாக்ஸ். ஏற்காட்டில் காபித் தோட்டத்து மெக்கானிக்காக இருந்த அப்பா ரிட்டயர் ஆகி, பெட்டியை மகனிடம் கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். 2019 நுகர்வோர் சட்டத்தில், வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். பட்டறையில் சம்பாதிக்கப் பயன்படுத்துகிறாயே, நீ எப்படி நுகர்வோர் என்று மடக்கினால், சொந்தப் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்கிறவரையும் அதே சட்டம் சேர்த்துக்கொள்கிறது என்று சொல்லுங்கள். மறுவிற்பனைக்கோ, அதைத் தாண்டிய வியாபார நோக்கத்துக்கோ வாங்குகிறவருக்குத்தான் இடமில்லை. ஆனால் அப்போதும் பொய் வேண்டாம், "அப்பா வாங்கியது, இப்போது நான் பயன்படுத்துகிறேன்" என்றே சொல்லுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது, பெரியவரை நிற்க வைத்து விரட்ட யாருக்கும் சட்டென்று மனசு வராது. அட்டையில் உள்ளபடி கேட்டும் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் கட்டணம் இல்லை.

சரி, உங்கள் ராட்செட்டுக்கு வருவோம். பிடி வளைந்து, நுனியில் பைப் மாட்டித் திருகிய தழும்பு இருந்தால் எந்த வாரண்டியும் நிற்காது. இல்லையென்றால் தலைப்பக்கத்து மூடியைக் கழற்றிப் பாருங்கள், நிறைய மாடலில் இரண்டு சின்ன ஸ்க்ரூதான். உள்ளே பல் சக்கரமும் அதைக் கடிக்கும் ஒரு நாக்கும் ஸ்பிரிங்கும் இருக்கும். பெரும்பாலும் பழைய கிரீஸ் மெழுகாக இறுகி நாக்கு மேலே எழும்ப முடியாமல் கிடக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, இரண்டு சொட்டு மெல்லிய ஆயில் விட்டு மாட்டுங்கள், கிரீஸை அப்ப வேண்டாம். நாக்கோ ஸ்பிரிங்கோ உடைந்திருந்தால் அந்த மாடலுக்கு ரிப்பேர் கிட் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள், இரண்டு நாளில் நசுங்கி மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிடும்.