ஊருக்கு வந்த பெரியப்பாவின் ஆஸ்பத்திரி பாக்கியை நான் கட்ட வேண்டுமா?

சிங்கப்பூரிலிருந்து மன்னார்குடிக்கு வந்த பெரியப்பா நெஞ்சுவலியால் தஞ்சாவூர் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பாக்கி வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். இப்போது உங்களுக்குப் போன் வருகிறது. இதுதானே கேள்வி?

சொந்தக்காரர், உங்கள் வீட்டில் தங்கினார் என்பதற்காக மட்டும் அந்தக் கடன் உங்கள் தலையில் விழாது. நீங்கள் எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று பாருங்கள். அட்மிஷன் பதற்றத்தில் நீட்டிய இடத்திலெல்லாம் போட்டிருப்பீர்கள், யார்தான் படிக்கிறார்கள்! சிகிச்சைக்குச் சம்மதம் என்று மட்டும் போட்டது பணத்துக்கான பொறுப்பு ஆகாது. ஆனால் ‘அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்’ என்ற வரி இருந்தால் நீங்கள் ஜாமீன்தாரர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவுப்படி, வேறு நிபந்தனை எழுதப்படாவிட்டால் கடனாளிக்கு உள்ள பொறுப்பு அப்படியே ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் பெரியப்பாவைப் பிடியுங்கள் என்று ஒதுங்க முடியாது.

126-வது பிரிவு வாய்மொழி உத்தரவாதத்தையும் ஏற்கிறது. அதனால் போனில் “நான் பார்த்துக்கிறேன் சார்” என்று மரியாதைக்குக்கூடச் சொல்லி வைக்காதீர்கள். நம்ம பக்கத்து ஆட்களுக்கு அது சட்டென்று வாயில் வந்துவிடும்!

ஜாமீன்தாரராகப் பணம் கட்டினால் பெரியப்பாவிடம் திருப்பிக் கேட்க 145-வது பிரிவு உரிமை தருகிறது. சொந்தத்துக்குள் அது எவ்வளவு நடக்கும் என்பது வேறு கதை.

இப்போதைக்கு, நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் நகலையும் விவரமான பில்லையும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். அவை கைக்கு வரும் வரை பத்து ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.