குச்சிக்கிழங்கில் (மரவள்ளியில்) மாவுப்பூச்சி: மருந்தா, குளவியா?

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: "நாலு மாதக் குச்சிக்கிழங்கில் கொழுந்தெல்லாம் சுருண்டு முடிச்சு விழுந்துவிட்டது. இரண்டு முறை மருந்து அடித்தும் மாவுப்பூச்சி திரும்ப வருகிறது. குளவி விட்டால் சரியாகும் என்கிறார்கள். உண்மையா?"

உண்மைதான். ஆனால் மூன்றாவது முறை மருந்து அடிப்பதை முதலில் நிறுத்துங்கள்.

வெள்ளை மாவு படிந்தாற்போல் செடியில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் இந்த மாவுப்பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் நாட்டில் 2020-இல்தான் கண்டறியப்பட்டது. இங்கே இதைக் கட்டுப்படுத்த இயற்கை எதிரி இல்லாததால் பெருகியது. ஆப்பிரிக்காவிலும் முன்பு இதே கதைதான். 1981-இல் பராகுவேயிலிருந்து தேடிக் கொண்டுவந்த அனகைரஸ் லோபேசி என்ற குளவிதான் அங்கே மரவள்ளியைக் காப்பாற்றியது. அதையே பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022 மார்ச்சில் சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

குளவி என்றதும் பயப்பட வேண்டாம், இது கொட்டாது. எள்ளில் பாதிகூட இருக்காது. தாய்க்குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். உள்ளே பொரிக்கும் புழு அதைத் தின்றே வளரும். பூச்சி உப்பி, பழுப்பாகி, கூடு மாதிரி இறுகிவிடும். ஏறக்குறைய மூன்று வாரத்தில் அதில் வட்டமாகத் துளை போட்டுப் புதுக் குளவி வெளியே வரும். முட்டை வைக்காத நேரத்திலும் சில பூச்சிகளைக் குத்தி, கசியும் சாற்றைக் குடித்துக் கொன்றுவிடும்.

நீங்கள் அடித்த மருந்து மாவுப்பூச்சியின் மெழுகுப் பூச்சில் வழுக்கி ஓடியிருக்கும். சுருண்ட கொழுந்துக்குள் போயும் சேர்ந்திருக்காது. அந்தப் பக்கம் பறந்து வந்த குளவிதான் செத்திருக்கும்.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் குச்சிக்கிழங்குக் காட்டில் அங்கங்கே இருபது செடிகளின் கொழுந்தைக் கிள்ளி, கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். பழுப்புக் கூடுகள் தெரிந்தாலோ, மூன்று வாரத்துக்குள் சின்னக் குளவிகள் பறந்தாலோ, உங்கள் காட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது. பாட்டிலைக் காட்டுக்கு எடுத்துப் போய்த் திறந்துவிடுங்கள். ஒன்றும் வராவிட்டால் ஏத்தாப்பூர் நிலையத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகிக் குளவி கேளுங்கள்.

எறும்புப் புற்று இருந்தால் கவனியுங்கள். மாவுப்பூச்சி விடும் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் அதற்குக் காவல் நின்று குளவியை விரட்டும். அப்புறம், அடுத்த நடவுக்கு இந்தக் காட்டிலிருந்து விதைக்குச்சி வெட்டாதீர்கள். பூச்சி ஊர் விட்டு ஊர் போவதே பெரும்பாலும் குச்சியோடுதான்.