கவுன்சிலிங் சீசன்: மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டதும், சார் சொன்னதும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களில் பெரும்பாலோர் வீட்டில் காலேஜ் வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆட்கள். பதில் சொல்பவர் அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவர்.

நான் ஆறிலிருந்து பத்து வரை எங்கள் ஊர் கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் படித்தேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ உசிலம்பட்டி அரசுப் பள்ளி. "கள்ளர் பள்ளி வேறு துறை, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஏழரை சதவீத ஒதுக்கீடு உனக்கு வராது" என்கிறார்கள். உண்மையா சார்?

இல்லம்மா, உனக்கு வரும். கல்வித்துறை நடத்தும் பள்ளி மட்டும்தான் அரசுப் பள்ளி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டத்தில் மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாமே அரசுப் பள்ளிதான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை இவற்றுக்குள்ளேயே படித்திருந்தால் போதும். நடுவில் பள்ளி மாறினாலும் பரவாயில்லை.

மருத்துவப் படிப்புக்கு 2020-இல் இந்த ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் 2021-இல் நீட்டித்தார்கள். உன் சாதி ஒதுக்கீட்டை இது தொடாது. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று கொஞ்சம் இடத்தை எடுத்து வைக்கிறார்கள், அவ்வளவுதான். இதில் பொறியியல் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டும். தனியார் காலேஜாக இருந்தாலும் இதே கணக்குதான்.

விண்ணப்பத்தில் எந்த வகுப்பு எந்தப் பள்ளி என்று வரிசையாகக் கேட்கும். ஏழாம் வகுப்புக்கு அவசரத்தில் வேறு பள்ளியைத் தட்டிவிட்டால் சரிபார்ப்பில் நிற்கும். அதனால் முதலில் தலைமை ஆசிரியரிடம் போய் எமிஸில் (பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் பதிவு இணையதளம்) உன் ஏழு வருஷமும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார். அந்தப் பள்ளியில் படித்ததற்கான போனபைட் சான்றிதழை அன்றைக்கே வாங்கிக்கொள். லீவு விட்டபின் கிளார்க்கைத் தேடி அலையாதே.

என் மகன் ஆறு முதல் எட்டு வரை மிஷன் ஸ்கூல், அரசு உதவி பெறும் பள்ளிதான். பிறகு அரசு மேல்நிலைப் பள்ளி. மேலூர் பக்கம். அவனுக்கு இந்த ஏழரை கிடைக்குமா?

கிடைக்காது அய்யா. உதவி பெறும் பள்ளியில் ஒரு வருஷம் படித்திருந்தாலும் இந்த ஒதுக்கீட்டுக்குள் வர முடியாது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மேலூரில் மிஷன் ஸ்கூலுக்குப் போன பிள்ளையும் அரசுப் பள்ளிக்குப் போன பிள்ளையும் ஒரே தெருதான், ஒரே கூலி வீடுதான். ஆனால் சட்டம் அப்படி இருக்கிறது. ஒரு விதிவிலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் இலவச இடத்தில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் உண்டு. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டம், அதையும் 2024 டிசம்பரிலிருந்து உதவி பெறும் பள்ளித் தமிழ் வழி மாணவிகளுக்கு விரித்துவிட்டார்கள். ஆயிரம் என்ன பெரிய காசா என்று கேட்பவர்கள் பேருந்துக்கும் நோட்டுக்கும் அப்பாவிடம் கை நீட்டிப் பார்த்ததில்லை.

அண்ணன் முதல் பட்டதாரி சலுகையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். அவன் இன்னும் பட்டம் வாங்கவில்லையே, நானும் அதே சான்றிதழ் வாங்கலாமா?

முடியாது தம்பி. குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான். உன் வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு பிசி, எம்பிசி உதவித்தொகைக்குப் போடு. வீட்டு வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குத் தகுதி உள்ளவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சுயநிதி காலேஜில் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் குறையும். அது கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டும். "சலுகை நாங்களே வாங்கித் தருகிறோம், இப்போதே மேனேஜ்மென்டில் சேருங்கள்" என்று ஊருக்குள் வரும் ஏஜென்டை நம்பாதீர்கள்.

கணிதம் 62, இயற்பியல் 70, வேதியியல் 68. இந்த மார்க்குக்கு மதுரையில் நல்ல காலேஜ் எதுவும் கிடைக்காது, கிடைக்கிற காலேஜை மட்டும் போடு என்கிறார் புரவுசிங் சென்டர் அண்ணன். நான் அரசுப் பள்ளி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணிதம் அப்படியே 62. இயற்பியலில் பாதி 35, வேதியியலில் பாதி 34. மொத்தம் 200-க்கு 131. பொதுப் பட்டியலில் இது கீழேதான். ஆனால் அரசுப் பள்ளிப் பட்டியல் தனி. போன வருஷப் பொதுக் கட்-ஆஃப்பை வைத்து மனசு உடையாதே. ஏழரைப் பிரிவின் கட்-ஆஃப் தனியாக இருக்கும், அதை எடுத்துப் பார்.

சாய்ஸ் ஃபில்லிங்கில், அதாவது விருப்பக் காலேஜ் பட்டியல் போடுவதில், நம் பிள்ளைகள் இழப்பதுதான் மிக அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிடைக்காத காலேஜை மேலே போட்டால் கீழே உள்ளது போய்விடும் என்று ஒரு பயம் ஊரெல்லாம் இருக்கிறது. அப்படி எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் உன் முறை வரும்போது உன் பட்டியலை முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வரும். முதலாவது காலியில்லையா, இரண்டாவது, பிறகு மூன்றாவது. அதனால் உனக்கு ஆசையான வரிசையில் போடு. தியாகராசர் பொறியியல் கல்லூரி மேலே இருக்கட்டும், அடுத்து கீழக்குயில்குடியில் இருக்கிற அண்ணா பல்கலைக்கழக மண்டல வளாகம் இருக்கட்டும். பேருந்தில் போய் வரக்கூடிய மற்றவை அடுத்து வரட்டும். எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது, பத்தோடு நிறுத்தாதே. ஆனால் கிடைத்தாலும் சேர மாட்டேன் என்கிற காலேஜை எங்குமே போடாதே.

ஒரே காலேஜில் நான்கு பிரிவு என்றால் நான்கும் நான்கு தனி வரி. மெக்கானிக்கல் மட்டும் போட்டுவிட்டு "சிவில் காலியாக இருந்ததாமே" என்று பிறகு புலம்பிப் பயனில்லை. காலேஜ் பெயரை விட அதன் கோடு எண்ணைப் பார்த்துப் போடு. ஒரே மாதிரிப் பெயரில் எத்தனை காலேஜ் இருக்கிறது என்று உனக்கே தெரியும்.

அப்புறம் போன் நம்பர். விண்ணப்பத்தில் சென்டர்காரர் தன் நம்பரைப் போட்டுவிடுவார், ஓடிபி சீக்கிரம் வரும் என்று. அலாட்மென்ட் வந்த செய்தியும் அவருக்குத்தான் போகும். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் ஒப்புக்கொள்ள இரண்டு நாள்தான் தருவார்கள். அந்த நேரம் அவர் கடையைச் சாத்திவிட்டு அழகர்கோயிலுக்குப் போயிருந்தால் உன் சீட்டும் போச்சு. வீட்டில் பட்டன் போன் இருந்தாலும் அந்த நம்பரையே கொடு. பாஸ்வேர்டை உன் நோட்டில் எழுதி வை.

ஒதுக்கீடு வந்ததும் "ஏற்கிறேன், சேர்கிறேன்" என்பதும் "ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாறுவேன்" என்பதும் வேறு வேறு. இரண்டாவதைக் கொடுத்தால் கையில் இருப்பதும் பத்திரம், பட்டியலில் மேலே உள்ளது காலியானால் அதுவும் வரும். பொதுப் பிரிவிலும் ஏழரையிலும் உனக்கு இடம் வந்தால், கட்டணமில்லாத சலுகை ஏழரைச் சீட்டுக்கு மட்டும்தான் என்பதை மறந்துவிடாதே.

நாங்கள் எஸ்சி. கலந்தாய்வில் சீட் கிடைத்துவிட்டது. காலேஜில் முழுப் பணத்தையும் முதலில் கட்டு, ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தருகிறோம் என்கிறார்கள். என்ன செய்ய?

கலந்தாய்வு சீட், வீட்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள். அப்படியென்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உனக்கு உண்டு. மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் நம் மாநிலத்தில் உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் கிடையாது. காலேஜில் வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டு நிற்காதே. "எந்தக் கட்டணம், எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேள். எழுதச் சொன்னதும் பாதிப் பேர் இறங்கி வருவார்கள். இறங்கவில்லையென்றால் ஒதுக்கீட்டுக் கடிதத்தோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்குப் போ. திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தால் அதற்கு ஒரு நம்பர் விழும்.

உதவித்தொகை ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பள்ளியில் திறந்த பழைய கணக்கு முடங்கிக் கிடந்தால் இப்போதே சரிசெய்.

நாங்கள் காட்டுநாயக்கன். அப்பாவுக்கே சாதிச் சான்றிதழ் இல்லை. எனக்கு விண்ணப்பித்து மாதக்கணக்கில் கிடக்கிறது. என்னால் காலேஜில் சேர முடியுமா?

சேர முடியும் தம்பி, ஆனால் சான்றிதழ் இல்லாமல் ஒதுக்கீட்டில் வைக்க மாட்டார்கள், பொதுப் பிரிவாகத்தான் எடுப்பார்கள். அந்த ஒரு சதவீத பழங்குடி இடத்துக்குத்தான் நீ சண்டை போட வேண்டியிருக்கிறது. பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கு. "பார்க்கலாம், அப்புறம் வா" என்பது பதில் இல்லை. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. எஸ்சி, எஸ்டி மக்களுக்கு அங்கே வக்கீல் இலவசம், வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். நீ எஸ்டி என்று காட்டத்தான் சான்றிதழே இல்லை என்று சொல்லித் திருப்பினால், வருமானம் குறைந்தவர் என்ற வழியிலும் அங்கே கேட்கலாம்.

இதற்கிடையில் அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டு வை. படிப்பை நிறுத்தி வைத்துச் சான்றிதழுக்குக் காத்திருக்காதே. இந்தப் பிள்ளைகளைச் சான்றிதழுக்காக அலைய விடுவதைப் போல ஒரு அநியாயம் நான் பார்த்ததில்லை.

வேதியியலில் ஃபெயில். ஒரு வருஷம் போச்சா சார்?

போகவில்லை. துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வரும். அதில் தேறினால் பொறியியல் துணைக் கலந்தாய்வு இருக்கிறது, கலைக் கல்லூரிகளில் மிச்ச இடங்களும் இருக்கும். பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து பாலிடெக்னிக்கும் போகலாம், டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேர்வார்கள். இன்றைக்குச் சாயங்காலமே துணைத் தேர்வுக்குப் பணம் கட்டு.

மகளுக்குச் செவித்திறன் குறைவு. தனி இடம் உண்டா?

5 சதவீதம் உண்டும்மா. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று வேண்டும், யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கையில் இருக்கட்டும். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைத் தேர்வு செய்தால்தான் மருத்துவக் குழு முன் அழைப்பார்கள்.

எங்களிடம் டிஎன்சி (சீர்மரபினர்) சான்றிதழ் இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி.க்கு இதுவே போதுமா?

போதாது. மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஓபிசி நான்-கிரீமி லேயர் சான்றிதழ் தனியாக, அந்த நிதியாண்டில் வாங்கியதாக வேண்டும். அதற்குப் பெற்றோரின் ஆண்டு வருமானத்தில் 8 லட்சம் வரம்பு உண்டு, அதைக் கணக்குப் பார்க்கும்போது சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. இ-சேவை மையத்தில் சிலர் எல்லாவற்றையும் கூட்டிப் போட்டு "தகுதி இல்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். பிடித்து நின்று கேளுங்கள்.

போன வருஷம் ஏழரையில் சேர்ந்தேன். தமிழ் மீடியம். கிளாஸில் ஒன்றும் புரியவில்லை, இரண்டு அரியர். நின்றுவிடலாமா?

நிற்காதே. உனக்குப் பாடம் தெரியும், அதன் இங்கிலீஷ் பெயர்தான் தெரியாது. அரசுப் பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிளஸ் டூ இயற்பியல், கணிதப் புத்தகத்தின் இங்கிலீஷ் மீடியம் பிரதியை போனில் இறக்கு. நீ படித்த தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வை. இரண்டுக்கும் பாட வரிசை ஒன்றுதான், படமும் கணக்கும் அதேதான். 'தொகையிடல்' என்று நீ படித்த இடத்தில் இன்டகிரேஷன் என்று இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். கிளாஸில் வாத்தியார் சொல்லும் சொல்லைக் கேட்ட மாதிரியே தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, சாயங்காலம் விடுதியில் சீனியர் ஒருவரிடம் கேள். அரசுப் பள்ளியிலிருந்து வந்த சீனியராகப் பார், அவர் சிரிக்க மாட்டார். அரியர் இரண்டையும் அடுத்த செமஸ்டரில் எழுதலாம். தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி எப்போது என்று நாளைக்கே ஆபீஸில் கேட்டு வை.