கிபிர், சகடை, வண்டு: வன்னியிலிருந்து வந்த விமானப்படைக் கேள்விகள்

உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவனிடம் விமானப்படையைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். வந்த கேள்விகளில் பாதி, சத்தத்தைப் பற்றியவை. வன்னிச் சனத்துக்கு விமானம் காதால் பழகிய சாமான். நின்று அண்ணாந்து பார்க்க யாருக்கு நேரம் இருந்தது? ஆகவே இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒருவருடையதைத்தான் போட்டிருக்கிறேன், மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

"சகடை வந்து குண்டு போட்டது என்று அப்பம்மா சொல்லுவா. தேடிப் பார்த்தால் அப்படி ஒரு விமானமே இல்லை. அது என்ன?" (மாணவன், பரந்தன்)

தேடினால் கிடைக்காது தம்பி, அது எங்கள் சனம் வைத்த பட்டம். கோயிலில் சாமியை ஏற்றி இழுக்கிற சில்லு வைத்த சகடை தெரியும்தானே? அதைப்போல ஊர்ந்து ஊர்ந்து, இரைந்துகொண்டு வந்த விமானத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெரும்பாலானோர் சகடை என்று சொன்னது அவ்ரோ 748 விமானத்தை. பிரித்தானியாவில் பயணிகளையும் சரக்கையும் ஏற்றுவதற்கென்று செய்தது. இரண்டு றோல்ஸ் றொய்ஸ் டார்ட் இயந்திரங்கள், கூரிய இரைச்சல்.

பலருக்குத் தெரியாத விசயம், குண்டு போடுவதற்கான ஏற்பாடு எதுவும் அந்த வகை விமானத்தில் கிடையாது என்பது. 1990 இல் சண்டை மறுபடி தொடங்கியபோது விமானப்படையிடம் குண்டுவீச்சுக்கென்றே செய்த விமானங்கள் இருக்கவில்லை என்றே சொல்லலாம். இருந்த சியாமாசெட்டிகூட அடிப்படையில் பயிற்சி விமானம்தான். அதனால் சரக்கு விமானங்களின் கதவைத் திறந்து பீப்பாய்க் குண்டுகளை உருட்டி விட்டார்கள். சீனாவில் வாங்கிய வை-12, வை-8 விமானங்களும் இந்த வேலைக்குப் போயின. வை-8 என்பது சோவியத் அன்ரனோவ்-12 இன் சீனப் பிரதி, நாலு இயந்திரம் கொண்ட பெரிய உடம்பு. குறிபார்க்கும் கருவி இல்லாமல் கதவால் உருட்டி விடுகிற குண்டு எங்கே விழும்? விழுகிற இடத்தில் விழும். கீழே வீடு இருந்ததா வயல் இருந்ததா என்பதெல்லாம் தற்செயல்.

அப்பம்மாவிடம் எந்த ஆண்டு, எத்தனை இயந்திரம் என்று கேட்டுப் பாருங்கள். நாலு என்றால் வை-8. அவ்ரோக்களின் காலம் 1995 ஏப்பிரலோடு ஏறக்குறைய முடிந்தது. அந்த மாதம் 28 ஆம், 29 ஆம் திகதிகளில், அடுத்தடுத்த நாளில், பலாலிப் பக்கத்தில் இரண்டு அவ்ரோக்கள் சுட்டு விழுத்தப்பட்டன.

"கிபிர் சத்தம் கேட்கவும் குண்டு விழவும் சரியாக இருக்கும். சத்தத்தைவிட வேகமாக வந்ததுதான் காரணமா? நாங்கள் சுப்பர்சொனிக் என்றுதானே சொன்னோம்." (இல்லத்தரசி, விசுவமடு)

பெயர் சரி அக்கா, காரணம்தான் சரியில்லை. கிபிர் ஒரு ஜெட் போர் விமானம். நல்ல உயரத்தில், குண்டுச் சுமை இல்லாமல், ஒலியின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கு போகக்கூடியது. குண்டுகளைக் கட்டிக்கொண்டு தாழ வரும்போது அப்படிப் போவதில்லை. ஒலியைவிடக் குறைந்த வேகத்தில்தான் வரும்.

கரும்பலகையில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிற கணக்கையே இங்கும் போடுகிறேன். விமானம் 3 கிலோமீற்றர் தள்ளி வருகிறது, வேகம் செக்கனுக்கு 250 மீற்றர் என்று வையுங்கள். அதாவது மணிக்கு 900 கிலோமீற்றர். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். அந்த இடத்திலிருந்து புறப்பட்ட சத்தம் உங்களிடம் வர 9 செக்கன். விமானம் வர 12 செக்கன். கழித்துப் பாருங்கள், கையில் இருப்பது 3 செக்கன். அடுப்படியிலிருந்து பங்கர் வாசலுக்கு வர அது காணாது.

அதே தூரத்தில் சகடையை வையுங்கள். அது செக்கனுக்கு 100 மீற்றர் வருகிறது என்றால் 30 செக்கன் எடுக்கும். சத்தத்துக்கு அதே 9. மிச்சம் 21 செக்கன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். இரண்டும் ஒலியைவிட மெதுவாகத்தான் வருகின்றன. ஒலியின் வேகத்தை எவ்வளவு நெருங்குகிறது என்பதில்தான் விசயம்.

இன்னும் இரண்டு காரணம் உண்டு. ஜெட் இயந்திரத்தின் இரைச்சல் பெரும்பகுதி பின்பக்கமாக, சரிந்த திசையில் வீசப்படுகிறது. நேரே எதிர்கொள்ளுகிற ஆளுக்கு அது குறைவாகவே கேட்கும், தலைக்கு மேலால் தாண்டிய பிறகுதான் வானம் கிழிகிற மாதிரி வரும். அடுத்தது, குண்டு நேர் மேலே வைத்து விடப்படுவதில்லை. கழன்ற பிறகும் விமானத்தின் வேகத்தோடு அது முன்னால் போகும் என்பதால், இலக்குக்கு வெகு முன்னரே விட்டுவிடுவார்கள். ஆகவே விமானம் தலைக்கு மேலே வருகிற நேரமும் குண்டு விழுகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எங்கள் வீட்டு நாய் எப்போதும் எங்களுக்கு முன்னே பங்கருக்குள் நிற்கும். பனங்குற்றி அடுக்கிய வாசல், அதற்குள் இறங்குகிற இடத்தில் குறுக்கே படுத்திருக்கும், அதைத் தாண்டித்தான் நாங்கள் போவோம். மனிதருக்குக் கேட்காத மேல்சுருதி அதற்குக் கேட்டதால்தான் என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் காற்றில் சீக்கிரமே தேய்ந்துபோகும், கிலோமீற்றர் கணக்கில் வந்து சேராது. என் விளக்கம் சாதாரணமானது: நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தோம், தேங்காய் துருவிக்கொண்டிருந்தோம். அது சும்மா படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

"கிபிர் என்பது என்ன பாசை? அமெரிக்க விமானமா இஸ்ரேல் விமானமா?" (மாங்குளம்)

எபிரேயம். சிங்கக்குட்டி என்று பொருள். சிங்கக்கொடி உள்ள நாடு 1996 இல் அதை வாங்கியது தற்செயல்தான். யாருடைய விமானம் என்பதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. உடம்பின் மூலம் பிரான்சின் மிராஜ் 5. இஸ்ரேல் காசு கட்டிய 50 மிராஜ்களை 1967 போரையொட்டி பிரான்ஸ் கொடுக்காமல் நிறுத்திவிட்டது. இஸ்ரேல் அந்த வடிவத்தை எடுத்துத் தானே கட்டத் தொடங்கியது. பிறகு அதற்குள் அமெரிக்காவின் ஜே79 இயந்திரத்தைப் பொருத்தியது, பான்ரம் போர் விமானத்தில் இருக்கிற அதே இயந்திரம். அமெரிக்க இயந்திரம் என்பதால் வெளிநாட்டுக்கு விற்க அமெரிக்காவின் அனுமதியும் தேவைப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், எண்பதுகளில் அமெரிக்கக் கடற்படையே சில கிபிர்களை வாடகைக்கு எடுத்து, பயிற்சியில் எதிரி விமானமாக நடிக்க விட்டது.

"விமானப்படை முதன்முதலில் குண்டு போட்டது வன்னியிலா யாழ்ப்பாணத்திலா?" (இளைஞர், மல்லாவி)

இரண்டும் இல்லை, தெற்கில். 1971 ஏப்பிரலில், ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சியின்போது. இதை எங்கள் பக்கத்தில் சொன்னால் பலர் நம்புவதில்லை.

படை தொடங்கியது 1951 மார்ச் 2. அப்போது பெயர் அரச இலங்கை விமானப்படை, 1972 இல் குடியரசானபோதுதான் 'அரச' போனது. முதல் பதினொரு வருடமும் தளபதிகள் ஆங்கிலேயர்கள், 1962 இல்தான் உள்ளூர்க்காரர் ஒருவர் அந்தக் கதிரையில் இருந்தார். 1959 இல் வந்த ஜெட் புரொவோஸ்ட் விமானங்களை ஒரு கட்டத்தில் பாவனையிலிருந்து எடுத்து மூடி வைத்துவிட்டார்கள். 1971 இல் கிளர்ச்சி வெடித்ததும் அவசரமாகத் தூசு தட்டி எடுத்துப் பறக்க விட்டார்கள். அதே ஆண்டு சோவியத் ஒன்றியம் மிக்-17 விமானங்களைக் கொடுத்தது. ஆக, குண்டுக்குக் கீழே முதலில் ஓடியவர்கள் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள்.

"வவுனியா விமானத்தளத்தை யார் கட்டினார்கள்? அப்பா வெள்ளைக்காரன் என்கிறார், மாமா இந்தியன் ஆமி என்கிறார்." (வவுனியா)

அப்பாவுக்குத்தான் வெற்றி. இரண்டாம் உலகப் போர்க்கால பிரித்தானிய விமானப்படை. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்பிரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9 ஆம் திகதி திருகோணமலையையும் சீனக்குடாவையும் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் தாண்டது. அதற்கு முதல்நாட்களில், 4 ஆம் திகதி, கொக்கல வாவியிலிருந்து கிளம்பிய ஒரு கற்றலைனா கடல் விமானம் ஜப்பான் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தது, கண்டவர் பேர்ச்சல் என்ற கனேடியர். அந்தக் காலத்தில்தான் நாடு முழுக்கக் காட்டுக்குள் ஓடுபாதைகள் முளைத்தன: வவுனியா, மின்னேரியா, சிகிரியா, பலாலி. வவுனியாவில் நின்றவற்றில் கப்பல்களைத் தாக்கும் பியூஃபோர்ட் விமானங்களும் இருந்தன. கடலே தெரியாத ஊரில் கப்பல் அடிக்கிற விமானம்.

"வண்டு ஆளில்லா விமானம் என்று தெரியும். ஏன் அப்படி இரைந்தது?" (புதுக்குடியிருப்பு)

அதற்குள் இருந்தது ஜெட் இல்லை, ஒரு சின்னப் பெற்றோல் இயந்திரம். அது வாலுக்கு முன்னால் இருந்து காற்றாடியைச் சுற்றி விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. பிறகு வந்த சேர்ச்சர் வகைக்கு, இரு நுனிக்கும் இடையே எட்டரை மீற்றர் அகலமான செட்டை. இஸ்ரேல் தயாரிப்பு. 1996 இல் சூப்பர் ஸ்கௌட், பிறகு சேர்ச்சர். வவுனியா முகாமிலிருந்தும் இவை பறந்தன. மணித்தியாலக் கணக்கில் ஒரே இடத்தைச் சுற்றுவதற்கென்றே செய்தது, அதனால்தான் அந்த முடியாத ரீங்காரம். வண்டு போனபின் கிபிர் வரும் என்று சனம் சொன்னதில் பிழை இல்லை. பார்ப்பது ஒன்றின் வேலை, போடுவது மற்றதின் வேலை.

"புக்காரா என்பது சரியான உச்சரிப்பா?" (துணுக்காய்)

கிட்டத்தட்டச் சரி. புக்கரா, ஆர்ஜென்ரீனா விமானம். தென்னமெரிக்கப் பழங்குடிகளின் கெச்சுவா மொழியில் கோட்டை என்று பொருள். தொண்ணூறுகளில் நாலு வாங்கினார்கள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒன்றும் சேவையில் இல்லை.

"கேப்பாப்புலவில் விமானப்படை ஏன் காணி பிடித்தது?" (முல்லைத்தீவு)

இது விமானக் கேள்வி இல்லை, காணிக் கேள்வி. எனக்குத் தெரிந்தது, 2017 இல் கேப்பாப்புலவின் பிலக்குடியிருப்புச் சனம் விமானப்படை முகாம் வாசலில் ஒரு மாதம் இரவு பகலாக இருந்தது. மார்ச் 1 ஆம் திகதி, விமானப்படை தன் பிறந்தநாளுக்கு முதல் நாள், அந்தக் காணி விடுவிக்கப்பட்டது.

"1987 இல் இந்திய விமானங்கள் பருப்பு, அரிசி போட்டதை யாழ்ப்பாணத்தில் நின்று பார்த்தேன். பிறகு தொண்ணூறுகளில் பலாலிப் பக்கம் அதே வடிவத்தில் விமானங்கள் பறந்தன. இந்தியா திரும்ப வந்ததா?" (ஓய்வுபெற்ற தபால் ஊழியர், முள்ளியவளை)

நீங்கள் பார்த்தது யூன் 4, ஐயா. முதல் நாள் இராமேஸ்வரத்திலிருந்து வந்த நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் பெங்களூரிலிருந்து ஐந்து அன்ரனோவ்-32 விமானங்கள், மிராஜ் 2000 போர் விமானங்களின் காவலோடு வந்தன. 'பூமாலை' என்று பெயர். போட்டது ஏறத்தாழ 25 தொன். குடாநாட்டுச் சனத்துக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு பிடி அரிசி தேறும். பசி தீர்க்கப் போட்டதில்லை என்பது அதிலேயே தெரிகிறது. கொழும்புக்குச் செய்தி சொல்லப் போட்டது. ஜூலை 29 இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது.

பிறகு நீங்கள் பார்த்தவை இந்தியாவினுடையவை இல்லை. அவ்ரோக்கள் விழுந்த அதே 1995 இல் இலங்கை தானே அன்ரனோவ்-32 வாங்கத் தொடங்கியது. உங்கள் கண் பிழை இல்லை, ஒரே வகை விமானம்தான். இயந்திரங்கள் செட்டைக்கு மேலே தூக்கி வைத்திருப்பதுபோல் நிற்கும், பெரிய காற்றாடி நிலத்தில் முட்டாமல் இருக்கவும் கல்லும் புழுதியும் உள்ளே போகாமல் இருக்கவும் அப்படி. அதைத்தான் நீங்கள் அடையாளம் பிடித்திருக்கிறீர்கள். யாருடையது என்று அறிய வாலில் உள்ள கொடியைப் பார்க்க வேண்டும், அது அந்த உயரத்தில் தெரிந்திருக்காது.