இப்போதேவா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கரீபியன் தீவான திரினிடாடின் கலிப்ஸோ என்ற பாட்டு வகையைப் பாடிய லார்ட் கிட்ச்னரைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பழைய செய்திப்படத் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். கப்பலை விட்டு இறங்குவதற்கு முன்பே 'லண்டன்தான் எனக்கேற்ற ஊர்' என்று பாடுகிறார். அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழியில் வந்த ஒருவர், எஜமானனின் நாட்டை வாய் கூசாமல் தாய்நாடு என்கிறார். வைத்துக்கொண்ட பெயரும் ஒரு பிரிட்டிஷ் தளபதியின் பெயர். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்துச் சாகவிட்ட அதே தளபதி. இவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? அமெரிக்கப் பாடகர் ஹாரி பெலஃபான்டேயின் கலிப்ஸோவில் கேட்கும் உழைப்பாளியின் குரல் இவரிடம் இல்லை. வெஸ்ட் இண்டீஸின் 1950 லார்ட்ஸ் டெஸ்ட் வெற்றிக்காக அவர் பாடிய கிரிக்கெட் பாட்டுக்காக வேண்டுமானால் மன்னிக்கலாம்.

இன்னொன்று. என் மகனுக்கு ஏழு வயது. பேச்சு திக்கும். நாங்கள்தான் வார்த்தையை எடுத்துக்கொடுப்போம். அவனுக்கு இந்த லண்டன் பாட்டு பிடித்துவிட்டது. பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் ஒரு இடத்தில்கூடத் தடங்காமல் முழுசாகப் பாடுகிறான். ஆச்சரியமாக இருக்கிறது.

ர., கோவை

---

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தில் அந்தக் கடைசிப் பத்தி இல்லாவிட்டால் பதில் எழுதியிருக்க மாட்டேன். 'இவரைக் கொண்டாடலாமா' என்று கேட்டு மாதத்துக்கு நான்கு கடிதம் வருகிறது. கொண்டாட வேண்டாம். அவர் 2000 பிப்ரவரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நீங்கள் மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் அவருக்கு ஒன்றுமில்லை.

பெயர் விவகாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கலிப்ஸோவில் பெற்றோர் வைத்த பெயரோடு மேடையேறுபவர்கள் அபூர்வம். அட்டிலா தி ஹன், ரோரிங் லயன், லார்ட் இன்வேடர், லார்ட் எக்ஸிக்யூட்டர் என்று பட்டியல் போகும். கரும்புத் தோட்டத்தில் அடிபட்டவனின் கொள்ளுப்பேரன் தனக்குத்தானே பிரபுப் பட்டம் கட்டிக்கொண்டு மேடையேறி, நிஜப் பிரபுக்களைக் கிழிப்பான். போலீஸ்காரன் கொட்டகையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பான். என்ன பாடலாம், பாடக்கூடாது என்று 1934-ல் சட்டமே போட்டார்கள். அதை எதிர்த்துக் கத்திய அட்டிலாவின் நிஜப் பெயர் ரேமண்ட் கெவேடோ. பின்னாளில் சட்டசபைக்கே போய் உட்கார்ந்தார். அரிமா ஊர் ஆல்ட்வின் ராபர்ட்ஸுக்குக் கிட்ச்னர் என்று பெயர் வைத்ததும் இன்னொரு பாடகர்தான், க்ரோலிங் டைகர். நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனிடம் சொன்னால் ஒரு நொடியில் புரிந்துகொள்வான். படித்தவர்களுக்குத்தான் இதற்கெல்லாம் விளக்கம் தேவைப்படுகிறது.

பெலஃபான்டே பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் அவர் பிறந்தது நியூயார்க் ஹார்லெமில். 1956-ல் வந்த இசைத்தட்டுக்குக் 'கலிப்ஸோ' என்று பெயர் போட்டார்கள். அதில் வாழைத்தார் ஏற்றுகிறவர்கள் பாடும் பாட்டு ஜமைக்காவுடையது. ஜமைக்காவுக்கும் திரினிடாடுக்கும் நடுவே ஆயிரம் மைல் கடல் கிடக்கிறது. விடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆல்ட்வின் ராபர்ட்ஸுக்குத் திக்குவாய்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது உங்களுக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். தெரியாமல்தான் மகனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

கிட்ச்னரின் அப்பா கொல்லர். கிடார் சொல்லிக்கொடுத்ததும் பாடச் சொன்னதும் அவர்தான். பதினாலு வயதில் அவரும் போய்விட, பையன் அநாதை. குடிநீர்க் குழாய் பதிக்கிற கூலியாட்களுக்கு அலுப்புத் தெரியாமலிருக்கப் பக்கத்தில் உட்கார்ந்து கிடார் வாசித்ததுதான் முதல் வேலை. அப்புறம் அரிமாவில் போட்டி, பரிசு, தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின், கொட்டகை. 1946-ல் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த பாட்டுகளில் ஒன்று எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? நாக்குக் குழறுகிற ஒரு பெண்ணைப் பற்றி. அவள் பேசுவதை அப்படியே பேசிக்காட்டி ஊரைச் சிரிக்க வைத்தார். இது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஊர் முந்திக்கொண்டு சிரிப்பதற்குள் தானே சிரித்துவிடுகிற தந்திரத்தை நானும் கற்றவன்தான்.

இப்போது நீங்கள் பார்த்த அந்தத் துண்டுப்படத்துக்கு வாருங்கள். 1948 ஜூன், டில்பரி துறைமுகம், எம்பயர் விண்ட்ரஷ் கப்பல். ஜமைக்காவில் ஏறியவர்களுக்குச் சிப்பாய்களுக்கான தளத்தில் இடம் 28 பவுண்டு. பாத்தே நிறுவனத்தின் செய்திப்பட ஆட்கள் கப்பலில் நிற்கிறார்கள். கோட்டு, தொப்பியோடு ஒல்லியாக ஒருவர். பேட்டியெடுப்பவர் பெயர் கேட்கிறார். இரண்டே வார்த்தையில் பதில். கலிப்ஸோ பாடகர்களின் ராஜாவாமே நீங்கள் என்கிறார். ஆமாம், உண்மைதான், அவ்வளவே. எங்களுக்காகப் பாடுவீர்களா என்கிறார்.

"இப்போதேவா?"

அந்த ஒரு கேள்வியை மட்டும் நான் எத்தனை தடவை ஓடவிட்டுக் கேட்டிருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பாடத் தொடங்கியதும் ஆள் மாறிவிடுகிறார். கையில் கிடார் இல்லை. வாத்தியம் வரவேண்டிய இடத்தையும் வாயாலேயே நிரப்புகிறார். எதிரில் காமிரா, மைக், வெள்ளைக்காரர், அந்நியக் கரை. திக்குகிறவனுக்கு இதைவிடப் பெரிய கண்டம் கிடையாது. அதிலிருந்து தப்ப அவனுக்குத் தெரிந்த ஒரே கதவு பாட்டு. உங்களுக்கு அங்கே எஜமானனைத் துதிக்கிற அடிமை தெரிகிறான். எனக்கு, நல்லவேளை பேசச் சொல்லவில்லை என்று மூச்சுவிடுகிற ஒருவர் தெரிகிறார். இது என் யூகம்தான், நான் படித்தவரை எந்த ஆய்வாளரும் சொன்னதில்லை. ஆனால் என்னிடம் இதற்குச் சாட்சி இருக்கிறது.

நான் பாபநாசத்தில் வளர்ந்தவன். கும்பகோணத்தில் பள்ளிக்கூடம். பகரத்தில் தொடங்கும் எந்த வார்த்தையும் எனக்கு வராது. உதடு ஒட்டினால் ஒட்டினதுதான், கழுத்து நரம்பு புடைக்கும், கண் செருகும். சொந்த ஊரின் பெயரே பகரத்தில் தொடங்கினால் பஸ்ஸில் எப்படி டிக்கெட் எடுப்பது? அடுத்த ஊர் ராஜகிரி. ரகரம் எனக்கு நழுவிக்கொண்டு வரும். தினமும் ராஜகிரிக்குக் கூடுதல் காசு கொடுத்து டிக்கெட் எடுத்து பாபநாசத்தில் இறங்கிவிடுவேன். ஒருநாள் புதுக் கண்டக்டர், நல்ல மனுஷன். நான் எழுந்ததும் தோளைப் பிடித்து உட்கார வைத்து, "தம்பி, இது பாபநாசம். ராஜகிரி இன்னும் வரல" என்றார். 'எனக்கு இந்த ஊர்தான்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. நான் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். ராஜகிரியில் இறங்கி, புத்தகப் பையோடு திரும்ப நடந்தேன். வீட்டில் ஏன் லேட் என்று கேட்டார்கள். அதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டுமே!

அதே பையன் கிருத்திகை அன்று கோயிலில் 'முத்தைத்தரு பத்தித் திருநகை' பாடுவான். அருணகிரிநாதரின் அந்தத் திருப்புகழ் தெரியும்தானே? வரிக்கு வரி வல்லினம் முட்டிக்கொண்டு நிற்கும், நல்ல நாக்குக்கே சுளுக்கு வரும். நான் அதைக் குதிரை ஓட்டுகிற மாதிரி ஓட்டுவேன். பகரம், தகரம், ககரம் எதுவும் என்னைத் தடுத்ததில்லை. சந்தம் அடுத்த அடியை முன்னாலேயே வைத்துவிடும், நான் கால் வைத்தால் போதும்.

ஒரு கிருத்திகையன்று பாடி முடித்து சுண்டலுக்குக் கை நீட்டுகிறேன். என் அத்தை எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "பாடறச்சே வரதே, பேசறச்சே மட்டும் வராதா? எல்லாம் நடிப்பு."

அத்தை கெட்டவள் இல்லை. எனக்குத் தீபாவளிச் சட்டை எடுத்துத் தந்தவள். ஆனால் அன்றோடு நான் கோயிலில் பாடுவதை நிறுத்திவிட்டேன். பாட்டு எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அதுவரை திக்குவாய்ப் பையன். அதற்கப்புறம் திக்குவதாக நடிக்கிற பையன்.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். 'ஒரு இடத்தில்கூடத் தடங்காமல் முழுசாகப் பாடுகிறான், ஆச்சரியமாக இருக்கிறது.' அந்த ஆச்சரியத்தை அவனிடம் காட்டிவிட்டீர்களா? 'பாரு, பாடும்போது வருது, இதே மாதிரி பேசு' என்று சொல்லிவிட்டீர்களா? சொல்லியிருந்தால் இனி சொல்லாதீர்கள். சொல்லவில்லை என்றால் வீட்டில் பாட்டி, மாமா, டியூஷன் டீச்சர் ஒருவரையும் சொல்லவிடாதீர்கள். பாட்டும் பேச்சும் ஒரே வாயிலிருந்து வந்தாலும் ஒரே வேலை இல்லை. நடக்க முடியாதவன் நீந்தினால், நீந்துகிறாயே நட என்பீர்களா?

அடுத்து, 'நாங்கள்தான் வார்த்தையை எடுத்துக்கொடுப்போம்.' ஏதோ உபகாரம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அது பிடுங்குவது. அவன் 'த… த…' என்று நிற்கும்போது நீங்கள் 'தண்ணியா?' என்கிறீர்கள். அவன் தட்டாம்பூச்சி என்று சொல்ல வந்திருப்பான். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, வேண்டாத தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவான். நான் வேண்டாத தண்ணீர் நிறையக் குடித்தவன். காத்திருங்கள். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு, வாயைப் பார்க்காமல், கடிகாரத்தைப் பார்க்காமல், மூச்சை இழுத்து விடு என்று புத்தி சொல்லாமல் காத்திருங்கள். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். கோவையில் நல்ல பேச்சுப் பயிற்சியாளர்கள் இருப்பார்கள், விசாரித்து அழைத்துப் போங்கள். ஏழு வயது நல்ல வயது. போன வருஷமே போயிருக்கலாம்.

கோபமாக எழுதிவிட்டேன். இருக்கட்டும், அடிக்கப் போவதில்லை.

லண்டன் பாட்டைப் பற்றித்தானே கேட்டீர்கள். அது கப்பலிலேயே, கரை சேர நாலைந்து நாள் இருக்கும்போது கட்டிய பாட்டு. பார்க்காத ஊரைப் பற்றியது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலாந்துதான் தாய்நாடு என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அவர் அதை நம்பினார். பார்த்த பிறகு என்ன பாடினார் என்று நீங்கள் கேட்டீர்களா? சுரங்க ரயிலில் வழி தெரியாமல் சுற்றியதைப் பாடினார். வாடகைக்கு அறை கொடுத்த அம்மாளின் கெடுபிடியைப் பாடினார். கொஞ்சம் வெளுத்த தோலை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரனாக வேஷம் போடுகிறவனிடம், வெள்ளை இல்லையென்றால் நீ கறுப்புதான் என்று 1953-லேயே முகத்துக்கு நேரே சொன்னார். 1957-ல் கானா விடுதலையானபோது அதற்கொரு வாழ்த்துப் பாட்டு, ஆப்பிரிக்காவில் அது அப்படிப் பரவியது. ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு ஆளைத் தராசில் வைக்கிறீர்கள். மளிகைக் கடைக்காரர்கூட மூட்டைக்குள் கைவிட்டு அள்ளிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார்.

திரினிடாட் 1962 ஆகஸ்டில் விடுதலை பெற்ற சமயத்தை ஒட்டி ஊர் திரும்பினார். அங்கே கார்னிவலின்போது தெருவில் எந்தப் பாட்டு அதிகம் ஒலிக்கிறதோ அதற்கு 'ரோட் மார்ச்' பட்டம். 1963-க்கும் 1976-க்கும் இடையில் பத்து முறை அவருக்கு. மீதி வருஷங்களில் பெரும்பாலும் அவருடைய போட்டியாளர் மைட்டி ஸ்பேரோவுக்கு. எண்ணெய்ப் பீப்பாயின் அடிப்பாகத்தைச் சுத்தியலால் குழித்து ஸ்வரம் பிடிக்கிற ஸ்டீல் பேன் வாத்தியத்துக்கென்றே மெட்டு கட்டினார். பேன் குழுக்களின் பெரிய போட்டியான பனோரமாவில் வேறு யாருடைய மெட்டும் அவருடையதைப் போல இத்தனை தடவை ஜெயித்ததில்லை. அந்த வாத்தியத்தில் வார்த்தையே கிடையாது, கவனித்தீர்களா? சரி, சரி. எதை எடுத்தாலும் திக்கலோடு முடிச்சுப் போடுகிறேன், தெரிகிறது.

பையனுக்குச் சுரங்க ரயில் பாட்டைப் போட்டுக் கொடுங்கள். வழி தொலைகிற கதை என்பதால் பிடிக்கும்.

பி.கு.: கிரிக்கெட் பாட்டு கிட்ச்னருடையது அல்ல. அதே கப்பலில் கூட வந்த லார்ட் பிகினருடையது. அந்தப் பாட்டில் வரும் பந்துவீச்சாளர் ராமாதீனைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கரும்புக்குக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்களின் வம்சம். பிறப்புச் சான்றிதழில் பெயருக்குப் பதில் 'பையன்' என்று மட்டும் எழுதியிருந்ததாம். லார்ட்ஸில் அந்த மேட்ச்சில் பதினொரு விக்கெட். கிட்ச்னர் அன்று செய்தது வேறு. வெற்றி பெற்றதும் கிடாரோடு மைதானத்தில் இறங்கினார், பின்னால் ஒரு கூட்டம். மைதானத்தைச் சுற்றிப் பாடி ஆடிவிட்டு, அப்படியே தெருவில் இறங்கி லண்டன் நடுவிலிருக்கும் பிக்கடிலி வரை ஆட்டம். உங்களுக்கெல்லாம் பைத்தியமா என்று போலீஸ்காரர்கள் கேட்டார்களாம். அங்கிருந்த ஈரோஸ் சிலையை இன்னும் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, நடனக் கூடத்தைப் பார்த்து நடந்தார்கள்.