கூட்டத்தில் இரண்டு பேர்தான் பேசுகிறார்கள், மற்றவர்களிடம் யோசனை எடுப்பது எப்படி?

முதலில் பேச விடாதீர்கள், எழுத விடுங்கள். 1958இல் யேல் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்த ஆய்விலேயே, கூடியிருந்து யோசித்த நான்கு பேரைவிடத் தனித்தனியே யோசித்த நான்கு பேரிடம்தான் கூடுதல் யோசனைகள் கிடைத்தன. கிளிநொச்சிப் பக்கம் எங்கள் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பில், சிறுபோகத்தில், அதாவது மழை குறைந்த காலத்து நெற்செய்கையில், வாய்க்கால் தண்ணீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேரவில்லை என்ற கதை வந்தாலே தலைவரும் செயலாளரும் மட்டும்தான் வாதாடுவார்கள், மற்றவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். ஒருநாள் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, பத்து நிமிடம், பெயர் எழுத வேண்டாம் என்றோம். ஒரு தாளில் மங்கலான பென்சில் எழுத்தில் 'கடைசி வயல்காரர் முதலில் எடுக்கட்டும்' என்று இருந்தது. அந்தப் போகம் அதைத்தான் செய்தோம். அப்புறம், தாள்களை வாசிக்கும்போது யாரும் 'இது சரிவராது' என்று சொல்லக் கூடாது, தெரிவு செய்வதை இரண்டாம் சுற்றுக்கு வையுங்கள்.