கலியாண எழுத்தை யார் எழுதலாம்?

அன்புள்ள அக்கா,

அமெரிக்காவில் இருக்கும் என் பள்ளிக்கூடச் சிநேகிதன் எங்கள் ஊர்ப் பிள்ளையைக் கலியாணம் முடிக்க வருகிறான். உப்புவெளிக் கடற்கரையில், சூரியன் எழும்பும் நேரத்தில் கலியாணம். "ஐயர் வேண்டாம், நீயே நடத்திவை" என்கிறான். அங்கே சிநேகிதர்கள் இணையத்தில் பதிந்து அந்தத் தகுதியை எடுத்துவிடுவார்களாம். நானும் எடுத்தால் இங்கே செல்லுமா?

க., திருகோணமலை

அன்புள்ள தம்பி,

செல்லாது. கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் 1962இல் தொடங்கிய யுனிவர்சல் லைஃப் சேர்ச், கேட்டவருக்கெல்லாம் குருப்பட்டம் கொடுக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அதை வைத்தே மணம் முடித்துவைக்கலாம். இங்கே இருப்பது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அதன்படி எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, எழுதக்கூடியவர் அரசு நியமித்த விவாகப் பதிவாளர். பதிவுசெய்த தேவாலயம் என்றால் கிறிஸ்தவ குருவானவர். கோணேசர் கோயில் குருக்களுக்கே அந்த அதிகாரம் இல்லை. மூதூர், கிண்ணியா முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் தனி.

என் எழுத்து ஒரு பதிவாளர் வீட்டு முன் அறையில் நடந்தது. கார்த்திகை மாதம், சாரல் உள்ளே அடித்தது. அப்பா கதவைச் சாத்தப் போனார். "சாத்தக்கூடாது ஐயா, திறந்த கதவோடுதான் எழுதவேணும்" என்று பதிவாளர் எழும்பி வந்து மறித்து, மேசையை உள்ளே இழுத்துப் போட்டார். பிறகு வாசித்தார். வேறு எந்தச் சடங்கும் நடக்காவிட்டாலும் இந்தக் கையெழுத்தோடு நீங்கள் சட்டப்படி கணவன் மனைவி. விவாகரத்துத் தீர்ப்பு இல்லாமல் இன்னொருவரை முடித்தால் குற்றம். ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு தாலி கட்டும்போதுகூட வராத நடுக்கம் அப்போது கைக்கு வந்தது.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா. கோயிலில் தாலி கட்டினார். இடம்பெயர்வுக்குள் எழுத்து விடுபட்டுப்போனது. வழக்கப்படி நடந்த கலியாணத்தையும் எங்கள் நீதிமன்றங்கள் ஏற்கும்தான், ஆனால் நிரூபிக்க வேண்டும். கணவர் இறந்த பிறகு, தாலி கட்டியதைக் கண்ட ஆட்களைத் தேடி அந்த அக்கா அலைந்தார். நானும் கூடப் போனேன். ஐயர் இறந்துவிட்டார். மிஞ்சியிருந்தது ஒரே ஒரு படம். அதில் மாப்பிள்ளையின் முகத்தில் தண்ணீர்க் கறை.

ஆகவே எழுத்தைப் பதிவாளரிடம் விடுங்கள். சடங்கு நடத்த உங்களுக்கு எந்தப் பட்டமும் தேவையில்லை: தாலியை எடுத்துக் கொடுங்கள், குறள் சொல்லுங்கள், வாழ்த்துங்கள். எழுத்துக்கு வழக்கமான நேரம் காலை 6 முதல் மாலை 6 வரை. கடற்கரையில் என்றால், அல்லது வேறு நேரத்தில் என்றால், தனி அனுமதி எடுக்கவேண்டும். பதிவாளரிடம் கலியாண அறிவித்தல் கொடுத்தால் சாதாரணமாக 12 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். பெண் வீட்டார் இப்போதே பதிவாளரைச் சந்திக்கட்டும். மாப்பிள்ளை எந்த நாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறார் என்பதையும் முதலே சொல்லட்டும்.

உண்மையிலேயே எழுத்து எழுதும் ஆளாக வர ஆசையென்றால் அதற்கும் வழி உண்டு. பதிவாளர் பதவி வெறுமையாகும்போது விண்ணப்பம் கோருவார்கள். அந்தப் பிரிவில் நிரந்தரமாக இருப்பவர் விண்ணப்பிக்கலாம்.

இந்தக் கலியாணத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒரு சாட்சியாக உங்களைப் போடச் சொல்லுங்கள், தம்பி. நாளைக்கு அந்தப் பிள்ளை யாரையாவது தேடவேண்டி வந்தால், பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கும்.

அன்புடன்,
அக்கா